மவுஸுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா?

கேள்வி: நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஜாப் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் செய்துதரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப், ஏழு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கியது. போன வாரம் ஒரு ராத்திரி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்திருந்தேன், பிளக்கைப் பிடுங்கவில்லை. காலையில் பட்டனை அழுத்தினால் லைட்டும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. அதற்கு முன் ஒரு வாரமாகவே இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகும். ஆஃப் செய்த பிறகும் மவுஸில் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருக்கும், இப்போது அதுவும் இல்லை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிடுச்சு, போர்டு, பிராசஸர், ரேம் மூணும் மாத்தணும், 14,000 ஆகும்" என்றார்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருடைய அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாம் அதில்தான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். எல்லாம் போய்விடுமா? புதிது வாங்குவதுதான் வழியா? இன்னொன்று, பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டால் பல நாளாகவே லேசாகச் சுர்ரென்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கோப்புகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவை எங்கேயும் போகவில்லை. நீங்கள் ஸ்கேன் செய்த அடங்கலும் சிட்டாவும் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். போர்டே எரிந்துபோயிருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி அநேகமாக அப்படியே எடுத்துவிடலாம். கரண்ட் அடித்து டிஸ்க்கும் சேர்ந்து போவது உண்டு, ஆனால் அபூர்வம். எப்படி எடுப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். அந்த 14,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

பெட்டியைத் திறக்காமல் போர்டு போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கும்பகோணத்தில் இருபத்தைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன், என்னாலும் முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருவருடைய போர்டைச் செத்தது என்று சொல்லிப் புதிது மாட்டவைத்தேன். பழைய போர்டை அப்புறம் சாவகாசமாகச் சோதித்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. முன்பக்கப் பட்டன் உள்ளேயே சிக்கி நின்றதுதான் காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் மகளின் பரீட்சை நேரத்தில் பத்து நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் தவித்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து வரிசை தவறாமல்தான் பார்க்கிறேன்.

வரிசை என்றால், கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராதபோது நம் ஆட்கள் செய்வதுதான். ஆற்றில் வரத்து இருக்கிறதா, மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் எங்காவது வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று கரையோடு நடந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். கம்ப்யூட்டருக்கும் சுவர் பிளக்கில் ஆரம்பித்து அப்படி நடக்கவேண்டும். அந்த வழியில் மதர்போர்டு கடைசியில் இருக்கிறது. உங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆன் ஆகவில்லை" என்று என்னிடம் வரும் பெட்டிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஃபேன் ஓடும், லைட் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. அது பெரும்பாலும் ரேம் சரியாக உட்காராத கோளாறு, அல்லது மானிட்டர் கேபிள். இன்னொரு ரகம் ஆன் ஆகி நாலைந்து நொடியில் அணைந்துவிடும். அதில் முதலில் பட்டனைப் பார்க்கவேண்டும். பட்டனை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் வலுக்கட்டாயமாக அணையும் என்பதால், உள்ளே சிக்கி நிற்கும் பட்டன் அதையே செய்துவிடும். உங்களுடையது மூன்றாவது ரகம், அடியோடு உயிர் இல்லாதது. கேட்கப் பயமாக இருந்தாலும் கண்டுபிடிக்க இதுதான் சுலபம்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு நல்ல தடயம் இருக்கிறது. அந்தக் கடையில் இவற்றைக் கேட்டிருந்தால் போதும், பாதி வேலை முடிந்திருக்கும்.

முதல் தடயம் மவுஸ் வெளிச்சம். டெஸ்க்டாப்பின் முன்பக்கப் பட்டன், வீட்டு ஃபேன் சுவிட்ச் மாதிரி கரண்ட்டை நேரடியாகத் திறந்து மூடுவது இல்லை. பிளக்கை மாட்டி சுவிட்ச் போட்ட உடனே, நீங்கள் பட்டனைத் தொடாவிட்டாலும், எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தைக் கொஞ்சமாக போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்ட்பை என்பார்கள். மவுஸில் எரிந்த சிவப்பு அதிலிருந்து வந்ததுதான். நீங்கள் பட்டனை அழுத்தும்போது அந்த 5 வோல்ட்டில் விழித்திருக்கும் போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு பச்சை ஒயர் வழியாகச் சைகை கொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் முழுசாகப் பாயும். உங்கள் மவுஸில் வெளிச்சம் இல்லை என்றால் பெரும்பாலும் அந்த ஸ்டாண்ட்பை மின்சாரமே போர்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது தடயம், இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகும் என்றீர்களே, அது. வயதான எஸ்.எம்.பி.எஸ். சாகப்போவதற்கு முன் இப்படித்தான் சொல்லும். அதற்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்து வலுவிழந்துபோகும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை ஸ்டாண்ட்பை பகுதி ராப்பகலாக ஓடிக்கொண்டே இருப்பதால், அந்தப் பக்கம் சீக்கிரம் தேயும். ஏழு வருடம் ஓடிய ஒன்று, ஒரு மழை ராத்திரியில் கரண்ட் பத்து தடவை போய் வந்ததில் மிச்ச உயிரையும் விட்டிருக்கலாம்.

ஆக, என் சந்தேகம் முழுக்க எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டரில் ஓட்டிய கம்ப்யூட்டர்கள் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கமிருந்து என் கடைக்கு வந்துகொண்டே இருந்தன. எல்லோருமே போர்டு போய்விட்டது என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அதிகமாக நான் மாற்றியது எஸ்.எம்.பி.எஸ்.தான். வெளியிலிருந்து வரும் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அதுதானே.

சந்தேகத்தை நம்பி நீங்கள் செலவு செய்யவேண்டாம், சோதித்துவிடலாம். முதல் சோதனைக்குக் காசே ஆகாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முன்பக்கப் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, பவர் ஒயரையும் மவுஸையும் மட்டும் மாட்டிப் பாருங்கள். வோல்டேஜ் எகிறும்போது சில எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே பூட்டிக்கொள்ளும். கரண்ட்டை முழுக்க எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டால்தான் அந்தப் பூட்டு திறக்கும். இதிலேயே உயிர் வந்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வரவில்லையா, சரி, சுவருக்குப் போவோம். யு.பி.எஸ்., ஸ்பைக் பஸ்டர் இருந்தால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். யு.பி.எஸ். பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். பேட்டரி செத்துப்போனால் கரண்ட் இருந்தும் ஆன் ஆகாத யு.பி.எஸ்.கள் உண்டு. சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று செல்போன் சார்ஜரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சார்ஜர் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கும். வீட்டில் 130 வோல்ட் வந்தாலும் அது சார்ஜ் ஏற்றும், உங்கள் எஸ்.எம்.பி.எஸ். விழிக்காமல் போகலாம். டெஸ்டர் எரிவதையும் முழுசாக நம்பவேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தாலும் ஃபேஸ் பக்கத்தில் டெஸ்டர் அழகாக எரியும். ஒரு டேபிள் ஃபேனையோ பழைய குண்டு பல்பையோ அந்த பிளக்கில் மாட்டிப் பாருங்கள். ஃபேன் வழக்கமான வேகத்தில் ஓடினால் சுவரில் குறை இல்லை. கம்ப்யூட்டரின் பவர் ஒயரையும் வேறொன்று மாற்றிப் பார்க்கவேண்டும். மானிட்டருடைய ஒயரே பெரும்பாலும் பொருந்தும். எஸ்.எம்.பி.எஸ். பின்புறத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போய் வந்ததில் அது அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் மவுஸில் வெளிச்சம் வரவில்லை என்றால் பெட்டியைத் திறக்கலாம். பிளக் சுவரிலிருந்து வெளியே இருக்கவேண்டும், கை ஈரமில்லாமல் இருக்கவேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ். என்கிற அந்த இரும்புப் பெட்டிக்குள் எக்காரணம் கொண்டும் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். யாராவது "ஒரு ஃபியூஸ்தான், நான் பிரித்து மாற்றித்தருகிறேன்" என்றாலும் வேண்டாம். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஃபியூஸ் சும்மா போகாது, உள்ளே வேறு எதுவோ போனதால்தான் ஃபியூஸ் போயிருக்கும்.

திறந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். எரிந்த வாடை எஸ்.எம்.பி.எஸ். பக்கம் வருகிறதா, போர்டு பக்கம் வருகிறதா? போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாக எதுவோ கசிந்திருந்தால் போர்டுக்கும் சிகிச்சை தேவை. அப்புறம் பல்லி. கரண்ட் உள்ள இடத்தின் கதகதப்புக்காக உள்ளே போய் இரண்டு முனையை இணைத்துக்கொண்டு செத்துக்கிடக்கும். அறுப்பு முடிந்த கையோடு வயலிலிருந்து வீட்டுக்குள் வரும் எலியும் ஒயரைக் கடித்துவிடும். எறும்புப் புற்று, நெல் தூசு எதுவானாலும் காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள், ஈரத்துணி ஆகாது. நீங்கள் நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரிக் கடலோரத்திலிருந்து எழுதியிருந்தால் உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கிறதா என்று ரேமைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருப்பேன். நீடாமங்கலத்தில் அது அவ்வளவாக இருக்காது. இருந்தாலும் கையோடு ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி உட்காரவைப்பதில் நஷ்டம் இல்லை.

இனிமேல் செய்யவேண்டியதைத் தனியாகச் செய்யவேண்டாம். ஐ.டி.ஐ. படித்த தம்பி, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ஆசிரியர், யாராவது ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்குப் போகும் கனமான 24 பின் கனெக்டரையும், பிராசஸர் பக்கம் மாட்டியிருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும், டிஸ்க்குக்குப் போகும் ஒயரையும் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சோதனை ஒரு நிமிட வேலை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கரண்ட் கொடுத்து, 24 பின்னில் ஊதா ஒயருக்கும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயருக்கும் நடுவே அளக்கவேண்டும். 4.75க்கும் 5.25க்கும் இடையில் காட்டினால் ஸ்டாண்ட்பை உயிரோடு இருக்கிறது. பூஜ்யமோ, 2, 3 வோல்ட்டோ காட்டினால் எஸ்.எம்.பி.எஸ். முடிந்தது. போர்டைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படவேண்டியது இல்லை.

மீட்டர் இல்லையென்றால் கம்பிச் சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காகிதம் கோக்கும் கிளிப்பை 'ப' மாதிரி வளைத்து, அதே 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரின் துளையையும் பக்கத்துக் கறுப்பு ஒயரின் துளையையும் இணைத்துச் செருகுங்கள். கையை எடுத்த பிறகு கரண்ட் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் ஓடவேண்டும். ஓடாவிட்டால் அநேகமாக அதுதான் குற்றவாளி. அநேகமாக என்று சொல்லக் காரணம், கரண்ட் இழுக்கும் சாதனம் ஒன்றை மாட்டாமல் ஃபேனைச் சுற்றவிடாத ரகங்களும் உண்டு. ஒரு பழைய டி.வி.டி. டிரைவை அதில் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். ஊகத்தில் துளை மாற்றிச் செருகினால் வம்பு.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த சோதனை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பெட்டியிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. மவுஸில் சிவப்பு எரிந்துவிட்டால் அதற்கு மேல் வாதமே இல்லை. அப்படியும் எரியவில்லை என்றால்தான் போர்டின் முறை. அப்போதும் முன்பக்க யு.எஸ்.பி. ஒயர், தனியாகச் செருகியிருக்கும் கார்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாணயம் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் புதிது போட்டு, ஒரே ஒரு ரேமோடு முயன்று பார்க்கவேண்டும். மவுஸில் வெளிச்சம் வந்து பட்டனுக்கு மட்டும் அசையவில்லை என்றால், போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்ச் என்று குறித்திருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுவிடுங்கள். ஆன் ஆகிவிட்டால் கெட்டது பட்டன்தான். இதில் எதற்கும் மசியவில்லை என்றால் போர்டு போய்விட்டது என்று நானும் ஒப்புக்கொள்வேன். அதற்காக பிராசஸரும் ரேமும் சேர்ந்து போகவேண்டும் என்று இல்லை. அதே சாக்கெட்டுக்குப் பொருந்தும் பழைய போர்டு சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துத் தருகிறவர்கள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள்.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது, கேபினட்டோடு இலவசமாக வரும் இலேசான ரகத்தை வாங்காதீர்கள். கையில் தூக்கினால் கனம் தெரியவேண்டும். 450 வாட் உங்கள் வேலைக்குத் தாராளம். லேபிளில் இன்புட் வோல்டேஜ் பாருங்கள். 100 முதல் 240 என்று போட்டிருப்பது நம் கிராமத்து லோ வோல்டேஜைத் தாங்கும். மூன்று வருட வாரண்டியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

புதிய கம்ப்யூட்டர் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். காப்பீட்டு வேலை குவிந்திருக்கும் இந்த நேரத்தில் வேண்டாம். நிதானமாக யோசிக்கவேண்டியதுதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. உங்கள் பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாக இருந்தால் விண்டோஸ் 11 அதற்கு முறையாகக் கிடைக்காது. ஊராருடைய வங்கி விவரம் புழங்கும் கம்ப்யூட்டர் என்பதால், அறுப்புக்குப் பிறகு இதைப் பற்றி ஒரு முடிவு எடுங்கள்.

இப்போது அந்தச் சுர்ரென்கிற விஷயம். கம்ப்யூட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எனக்கு இதுதான் பெரிய கவலை.

உங்கள் பிளக்கில் அநேகமாக எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் இரும்புக்கு இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், மின் இரைச்சலை எர்த்தில் தள்ளுவதற்காக. எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாத இடத்தில் வந்த வோல்டேஜில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், பெட்டி மேல் நிற்கும். பாயும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விட்டுவிடுகிறது. ஆனால் நாளைக்கு ஒரு ஒயர் உள்ளே உரசி ஃபேஸ் நேராக இரும்பில் பட்டால், அது மண்ணுக்குப் போக உங்கள் உடம்பைத் தவிர வழி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கடைத்தரையே ஓதமாக இருக்கும். விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எவ்வளவு காட்டுகிறதோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் அதை ஒட்டிக் காட்டவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. எர்த் இல்லை என்று தெரிந்தால் புதிதாகக் குழி எடுத்துக் குழாய் இறக்கச் சொல்லுங்கள். கரி, உப்பு போட்டு மூடுவது வழக்கம். நம் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண், எர்த் நன்றாக எடுக்கும். கோடையில் மட்டும் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

வேலையைச் சுருக்கமாக முடிக்க, பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுர்ரென்பது நின்றுவிடும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். என்றைக்காவது காற்று மழையில் நியூட்ரல் அறுந்தால் அந்தத் துண்டு ஒயர் வழியாகவே முழு 230 வோல்ட்டும் பெட்டி மேல் ஏறி நிற்கும். அப்படிச் செய்ய விடாதீர்கள். கடையின் மெயின் சுவிட்ச் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள், உடம்பு வழியாக மண்ணுக்குக் கரண்ட் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும்.

நீங்கள் கேட்ட சம்பந்தம் இதுதான். எர்த் இல்லாததால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ். செத்தது என்று நேரடியாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்பைக் பஸ்டர், இடி மின்னலின்போது வரும் அதிர்ச்சியைத் திருப்பிவிட எர்த் வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் அதன் பாதுகாப்பு அரைகுறைதான். அதனால் மழைக்காலம் முடியும்வரை, கடையைப் பூட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத்தான். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் உடனே ஆன் செய்யவேண்டாம். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் அத்தனையும் அந்த நேரத்தில் ஒன்றாகக் கிளம்பும், வோல்டேஜ் தாழ்ந்து எழும்பும். பத்து நிமிடம் பொறுத்தால் நிலைக்கு வந்துவிடும். பெட்டியைத் தரையில் வைத்திருந்தால் ஒரு மர ஸ்டூலில் ஏற்றிவிடுங்கள்.

டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கடைக்குக் கொடுத்தாலும் பெட்டியைக் கொடுங்கள், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஆன் ஆகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையே இல்லை. அதில் இருப்பது உங்களை நம்பி ஊர்க்காரர்கள் கொடுத்த ஆதாரும் பாஸ்புக்கும். இரண்டு சிறு கேபிளைப் பிடுங்கி நாலு திருகு கழற்றினால் கையோடு வந்துவிடும். சாட்டா டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனிக் கரண்ட் அடாப்டரோடு வருகிற ரகம் வேண்டும். தெரிந்தவர்கள் லேப்டாப்பில் மாட்டினால் உங்கள் கோப்புறைகள் வந்துவிடும். "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்துங்கள். அதை டேட்டா மீட்பவர்களிடம் மட்டுமே கொடுக்கவேண்டும். விண்டோஸ் 11 போட்ட புதுப் பெட்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் சில டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும், திறக்க பிட்லாக்கர் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும். இன்றைக்கே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

லேப்டாப் ஒன்று இரவல் கிடைத்தால், டிஸ்க்கை அதில் மாட்டி நாளைக்கே காப்பீட்டு விண்ணப்பங்களைத் தொடரலாம். பெட்டி சரியாகும்வரை ஒருவரையும் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. வேலை முடிந்ததும் இரவல் லேப்டாப்பில் ஒரு கோப்பும் மிச்சமில்லாமல் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தபின் மவுஸில் வெளிச்சம் வந்ததா, ஊதா ஒயரில் எத்தனை வோல்ட் காட்டியது, இந்த இரண்டை மட்டும் எழுதி அனுப்புங்கள். 24 பின் கனெக்டரையும் எஸ்.எம்.பி.எஸ். லேபிளையும் படம் எடுத்து வைத்தால், மாற்றாக எதை வாங்கவேண்டும் என்று அடுத்த பதிலிலேயே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்க்கும்வரை, பிளக் மாட்டியிருக்கும்போது அந்தப் பெட்டியின் இரும்பை யாரும் தொடவேண்டாம், முக்கியமாகக் கடைக்கு வரும் பிள்ளைகள்.